ஏழாம் விதி

எண்பது பக்கக் கொப்பி.
பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு.
அதில்தான் எழுதினார்கள்
எங்கள் கிளைச் சங்கத்தின் யாப்பை,
ஒண்டிவீரனும் அருளப்பனும்,
பிள்ளைக்காம்பரா வாங்கில் எதிரெதிரே உட்கார்ந்து.
ஒரே பேனை. ஒருவர் கை வலித்தால் மற்றவர்.
நான் விளக்குப் பிடித்தேன்.
கூட்டல் கழித்தல் வரும் என்பதால்
பொருளாளர் என்று என் பெயரையும் போட்டார்கள்.

ஆறு விதி முடியும்வரை
அடைமழை பெய்ததே தெரியவில்லை.
ஏழாவது, சந்தா யாரிடம் இருக்கும் என்பது.

"முழுக்க அட்டனுக்குப் போகணும்.
காரியாலயம் பலமா இருந்தாத்தான்
துரை கதிரையை விட்டு எழும்புவான்."
இது ஒண்டிவீரன்.

"எறங்கிப் போன காசு திரும்ப மலையேறினத
யாராவது கண்டதுண்டா?
பாதி இங்க இருக்கட்டும், நம்ம பெட்டியில."

ஒண்டிவீரன் 'முழுவதும்' என்று எழுதினார்.
அருளப்பன் அதை அடிக்கவில்லை,
மேலே சின்ன எழுத்தில் 'பாதி' என்று வைத்தார்.
பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டது.
அப்படியே மூடிவிட்டு மலைக்குப் போனோம்.

இரண்டு வருஷம் அந்த விதியை யாரும் வாசிக்கவில்லை.
மூன்றாம் வருஷக் காற்றில்
பத்துக் காம்பரா தகரம் பறந்தது.
பெட்டியைத் திறப்பதா என்று கேட்டேன்.
இருவரும் கொப்பியைக் கேட்டார்கள்.

பிறகு மேல் லயத்தில் மஞ்சள் கொடி,
பணிய லயத்தில் நீலம்.
பீலியில் குடம் வைக்கும் வரிசையிலும் கட்சி.
அட்டன் வால் என்று இவர்கள்,
பெட்டிக் கள்ளன் என்று அவர்கள்.
மை காயாத துண்டுப் பிரசுரம்
கொழுந்துச் சாக்கில் ஒட்டிக்கொண்டு
இஸ்டோருக்குள்ளும் போனது.
அருளப்பன் மகளின் சடங்குக்கு
ஒண்டிவீரன் வீட்டுத் தட்டு வரவில்லை.

ஒரு பிரசுரம் சொன்னது,
சம்பளப் பேச்சுக்கு முதல்நாள்
பங்களாவில் அருளப்பன் தேத்தண்ணி குடித்தான் என்று.
அன்று அவர் ஆறாம் நம்பர் மலையில்
கவ்வாத்துக் கத்தியோடு நின்றார்.
பக்கத்து நிரையில் ஒண்டிவீரன்.
அந்தப் பொய்யை ஒண்டிவீரன் எழுதவில்லை.
கிழிக்கவும் இல்லை.

வாக்கெடுப்பு வைத்தோம், பால்மாப் பேணியில்.
எழுபத்தொன்று. எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினோம், அதே.
மூன்றாம் முறை எண்ணும்போது
வெளியே யாரோ யாரையோ அறைந்தார்கள்.
ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.
கூட்டம் முழுக்க அடுத்தவர் முகத்தைத் தேடியது.
நான் பேணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெறும் சீட்டுப் போட்டவளை
நடுநிலைக்காரி என்று சொல்லிவிடாதீர்கள்.
எனக்கும் ஒரு பக்கம் இருந்தது.
ஆனால் யார் வென்றாலும் மறுநாள் காலை
அந்த இரண்டு சொல்லில் ஒன்றை அடித்திருப்பார்கள்.
நான் விளக்குப் பிடித்த வரி அது.
இதைவிடச் சரியாகச் சொல்ல
எனக்கு இன்னும் வரவில்லை.

கூரைக்குக் கேட்டு இரண்டு கடிதம் போனது.
எந்தச் சங்கத்தோடு பேசுவது என்று
இரண்டுக்கும் ஒரே பதில், ஒரே தேதியில்.
பெரிய கிளாக்கர் சிரித்தபடி முத்திரை குத்தினாராம்.
அந்த மாரி முழுக்க
சட்டி பானையை வைத்து ஒழுக்குப் பிடித்தோம்,
மேல் லயத்திலும் பணிய லயத்திலும்.

போன மாதம் ஒருநாள் இருட்டினபின்
ஒண்டிவீரன் வந்தார், தடியூன்றி.
கிழிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.
ஏழாம் பக்கத்தை விரித்து
விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னார்.
'பாதி' மேல் விரலை வைத்தார்.
"கால் எழுத்த இப்பிடித்தான் இழுப்பான், கழுத."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அவனுக்கு இருமல் எப்படி?"
குறையவில்லை என்றேன்.

எழும்பும்போது சொன்னார்,
"இருந்தாலும் அவன் சொன்னது பிழைதான்."
வாசலில் நின்று திரும்பினார்.
"நான் வந்தத அவன்கிட்ட சொல்லாத."

அருளப்பன் போன கிழமை வந்ததை
நானும் அவரிடம் சொல்லவில்லை.